ரசத்தில் கலந்த பொடி

ஐயா,
என் கணவர் காசிமேட்டில் விசைப்படகு வேலைக்குப் போகிறவர். பல வருடக் குடி. யோகா, உணவுமுறை, ஆலோசனை எல்லாம் சேர்ந்த 'முழுமைச் சிகிச்சை' தருவதாக ஒரு மையத்தில் சொல்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா? அதுவரைக்கும் என்று, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.
எஸ்., ராயபுரம்

அன்புள்ள எஸ்.,

யோகா இருக்கட்டும். மனநல மருத்துவர் உண்டா, வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து பார்ப்பார்களா என்று மையத்தில் கேளுங்கள். என்னை உலுக்கியது உங்கள் கடைசி வரிதான்.

எலிக்கு வைப்பதுபோலவா கட்டிய கணவருக்குச் சோற்றில் மருந்து வைப்பீர்கள்? அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா? குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் இருந்து, அதன்மேல் அவர் குடித்தால், மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு வெளியேறாமல் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம். மருத்துவர்களும் அதைத் தருவதுண்டு, நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கி. 'மாத்திரை போட்டிருக்கிறேன், தொட்டால் தொலைந்தேன்' என்ற பயம்தான் அங்கே வேலை செய்கிறது. தெரியாமல் விழுங்கியவருக்குப் பயம் எங்கிருந்து வரும்?

கொருக்குப்பேட்டையில் என் அத்தை இப்படித்தான் ரசத்தில் ஏதோ பொடியைக் கலந்தார். மாமா அன்று மாலை தெருவில் வாந்தியெடுத்து விழுந்தார். பிழைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கை நனைக்கவில்லை. தானே உரித்த வாழைப்பழம், தானே ஓடு உடைத்த அவித்த முட்டை; தண்ணீர்கூடத் தெருக்குழாயில் தானே பிடித்ததுதான். அத்தை தட்டு வைத்தால் எழுந்து போய்விடுவார். குடி மட்டும் நிற்கவில்லை. டாஸ்மாக் பாட்டிலின் மூடி பிரிக்காமல் இருக்கிறதே, அதை நம்பினார்!

சரி, பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்று கிளம்பாதீர்கள். நாள்பட்ட குடியைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத ஆட்கள் தெரிவது என்று ஆபத்தில் முடியலாம். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும். ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம்தானே? மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச உதவி எண்ணிலும் கேட்கலாம். போதையில் இருக்கும்போது பேச்செடுக்காதீர்கள். தெளிந்திருக்கும் காலையில் நேராகக் கேளுங்கள்.

வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டுமாவது போங்கள், அம்மா. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. சென்னையிலும் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. பொடியை மட்டும் இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள். போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.