குழாய் போட்டபோது வாங்கிய பணத்தோடு கணக்கு முடிந்ததா?

கேள்வி: எங்கள் வயலுக்கு அடியில் எரிவாயு பைப்லைன் போகிறது. போன மாதம் பழுது பார்க்க வந்தவர்கள் நின்ற பயிரை அழித்துக் குழி தோண்டிவிட்டார்கள். கேட்டால், "அன்றைக்கே பணம் வாங்கிவிட்டீர்களே" என்கிறார்கள். குழாய் போகும் இடத்தில் கிணறு வெட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: கணக்கு முடியவில்லை ஐயா. அவர்கள் இரண்டு வேறு பணத்தைக் குழப்புகிறார்கள், தெரிந்தே கூட இருக்கலாம். 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியம், கனிமக் குழாய் வழிச் சட்டப்படி உங்கள் நிலத்தை யாரும் வாங்கவில்லை, அடியில் குழாய் கொண்டுபோகும் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதற்குத்தான், உரிமை எடுக்கப்போவதாக அரசின் முதல் அறிவிக்கை வந்த தேதியில் நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரம், வரப்பு சேதம் எல்லாம் தனி. பிரிவு 8-இன் கீழ் அவர்கள் பராமரிப்புக்காக உள்ளே வரலாம், ஆனால் முன்கூட்டியே தகவல் தரவேண்டும், சேதத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். அவசரம் என்றால் தகவல் இல்லாமலும் வரலாம், சரி, அப்படி வந்தாலும் அழிந்த பயிருக்குப் பிரிவு 10 இழப்பீடு உண்டு.

அதனால் சைட் இன்ஜினியரிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை. அந்தக் குழாய்க்கென அரசு நியமித்த அதிகாரி ஒருவர் இருப்பார், அறிவிக்கையிலேயே பதவி இருக்கும், அவருக்குச் சர்வே எண், அடங்கல் நகல், தேதியோடு எடுத்த படங்கள், வழக்கமான மகசூல் கணக்கு எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் மனு போடுங்கள். அவர் சொல்லும் தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். நேராக சிவில் வழக்குப் போட்டால், இந்த விஷயத்தை சிவில் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்னும் பிரிவு 14-ஐக் காட்டித் திருப்பிவிடுவார்கள். அப்புறம், "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த ரசீதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோபத்தில் வேலையை மறித்துவிடவும் வேண்டாம், அது குற்றம். குழாயே வேண்டாம் என்று இப்போது வாதாடுவதும் வீண். மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயில் போட்ட குழாய்த் திட்ட விஷயத்தில் தமிழக அரசே உச்ச நீதிமன்றம் வரை போய் 2016-இல் தோற்றது.

கிணறு? பயன்பாட்டு உரிமை எடுத்த பட்டைக்குள் கூடாது. கட்டடமும் மரமும் அதேபோல்தான், பிரிவு 9 தெளிவாகத் தடுக்கிறது. ஏற்கெனவே செய்துவந்த பயிர்த்தொழிலைத் தொடரலாம். பட்டைக்கு வெளியே வெட்டுவதானாலும் எல்லைக் கல்லைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், அவர்களை வரச் சொல்லி அளந்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு வெட்டுங்கள்.