படம் எடுப்பது போனா, கேமராவா?

கேள்வி: தில்லி மயூர் விகாரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். வாசல் கதவுக்கு மேலே வைஃபை கேமரா மாட்டியிருக்கிறோம். ஆப்பில் போட்டோ பொத்தானை அழுத்தினால் ‘சேமிக்கப்பட்டது’ என்று வருகிறது, ஆனால் கேலரியில் படம் இல்லை. ஆள் வந்தால் வரும் அறிவிப்பில் படம் காலியாக இருக்கிறது, அல்லது திரும்பிப் போகிறவரின் முதுகுதான் தெரிகிறது. இரவில் எல்லாம் ஒரே வெள்ளை. கேமராவை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லியிருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள். பொத்தானை அழுத்தி எடுக்கும் படத்தை உருவாக்குவது உங்கள் போன். திரையில் ஓடும் நேரலையிலிருந்து ஒரு சட்டத்தை (ஃபிரேமை) பிடித்து அது சேமிக்கிறது. அறிவிப்போடு வரும் படத்தை எடுப்பது கேமரா. முதலாவதற்குக் கேமராவைக் கழற்றி மாட்டிப் பயனில்லை. இரண்டாவதற்கு ஆப்பை அழித்து மறுபடி போடுவதில் பெரும்பாலும் பயனில்லை.

போனிலிருந்து தொடங்குவோம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், வாசல் கேமராவுக்கான ஆப், பெர்மிஷன்ஸ் என்று போய் ‘போட்டோஸ் அண்ட் வீடியோஸ்’ அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் இது தனி அனுமதி. ஐபோனில் பிரைவசி பகுதியில் போட்டோஸ் என்பதற்குள் இருக்கும். அங்கே ‘படம் சேர்க்க மட்டும்’ என்ற அளவுக்குத் தந்தாலே போதும். அனுமதி சரியாக இருந்தும் கேலரியில் படம் இல்லையென்றால் ஆப்புக்குள்ளேயே ‘ஆல்பம்’ என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். பல ஆப்கள் படத்தை அங்கேதான் வைக்கின்றன. அங்கிருந்து நாமாகத்தான் கேலரிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். ஆப்பை அழித்தால் அந்த ஆல்பமும் சேர்ந்து போய்விடலாம். திருட்டு, தகராறு என்று சாட்சியாக வைத்திருக்கும் படங்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

படம் மங்கலாக இருந்தால் நேரலைத் திரையின் மூலையில் எஸ்டி (குறைந்த தெளிவு) என்று இருக்கிறதா பாருங்கள். நெட்டை மிச்சப்படுத்தப் பல ஆப்கள் அதில்தான் தொடங்கும். எஸ்டியில் 640×360 புள்ளிகள் என்றால் 1920×1080 எச்டியில் அதைப்போல 9 மடங்கு. எச்டிக்கு மாற்றியதும் உடனே அழுத்தாமல் மூன்று நான்கு வினாடி பொறுத்து அழுத்துங்கள். அதற்குள் எடுத்தால் சாம்பல் திட்டுகளாகத்தான் வரும்.

அடுத்து, காலியாக வரும் அறிவிப்பு. அந்த நேரத்துப் பதிவை மெமரி கார்டில் தேடிப் பாருங்கள். பதிவு இருந்தால் கேமரா தன் வேலையைச் செய்துவிட்டது, படம் மேலே ஏறும் வழியில்தான் தடை. கிளவுட் (படங்களை இணையத்தில் வைக்கும் இடம்) சந்தா முடிந்திருக்கலாம். சந்தா இல்லாதவர்களுக்கு வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும் ஆப்களும் உண்டு. சந்தா சரியென்றால் வைஃபையைச் சந்தேகியுங்கள். வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். அந்த அலைக்கும் கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் தடைதான். ஆப்பில் சிக்னல் அளவு காட்டினால் மைனஸ் 50க்கும் மைனஸ் 65க்கும் நடுவே இருப்பது நல்லது. மைனஸ் 75ஐத் தாண்டி மைனஸ் 80 பக்கம் போனால் நேரலை தட்டுத்தடுமாறி ஓடும், படம் மேலே ஏறாமல் போகலாம். கேமராவைக் கழற்றி ரவுட்டர் பக்கத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அங்கே படம் ஒழுங்காக வந்தால், மாற்ற வேண்டியது ரவுட்டர் இருக்கும் இடத்தை.

கார்டில் பதிவே இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் கேமராவின் நேர மண்டலத்தைப் பாருங்கள். ஜிஎம்டி+5:30 இருக்க வேண்டிய இடத்தில் +8 என்று இருந்தால் எல்லாப் பதிவும் இரண்டரை மணி நேரம் தள்ளிக் கிடக்கும். நேரம் சரியாக இருந்தும் பதிவு விட்டுவிட்டு இருந்தால் கார்டைக் கம்ப்யூட்டரில் அல்லாமல் ஆப்பிலிருந்தே ஃபார்மேட் செய்யுங்கள். வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் மணிக்கு 900 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டு ஒன்றரை நாளில் நிரம்பிப் பழைய பதிவின் மேல் எழுதத் தொடங்கும். இந்த ஓயாத எழுத்துக்குச் சாதாரணக் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். ‘ஹை எண்ட்யூரன்ஸ்’ என்று அச்சிட்டது கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.

முதுகு மட்டும் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இடைவெளி அமைப்பு. ஒருமுறை அறிவித்த பிறகு கேமரா சில நிமிடம் சும்மா இருக்கும். எதிர் வீட்டுக்காரர் படியிறங்கும்போது ஒரு அறிவிப்பு போய்விட்டது என்று வையுங்கள். அடுத்த நிமிடம் வரும் கூரியர்காரர் அந்த இடைவெளிக்குள் விழுவார். அது முடியும்போது அவர் திரும்பி நடந்துகொண்டிருப்பார். இடைவெளியை இருப்பதிலேயே குறைவாக வையுங்கள். கண்காணிக்கும் பகுதியைக் கதவடியோடு நிறுத்தாமல் படிக்கட்டின் கடைசி நாலு படி வரை நீட்டுங்கள். எதிர் வீட்டுக் கதவை மட்டும் மறைத்துவிடுங்கள். வீண் அறிவிப்பும் குறையும், அவர்களோடு மனத்தாங்கலும் வராது.

உங்களுடையது ஒயரில் ஓடும் கேமரா என்றே தெரிகிறது. பேட்டரி கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அதில் ஆளைக் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சார், உடம்புச் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. தில்லியில் மே, ஜூன் மதியங்களில் சுவரும் மனிதனும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பார்கள், அதனால் அது தவறவிடும். நேராக எதிரே நடந்து வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் பிடிக்கும். ஆகவே அதைக் கதவுக்கு மேலே மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டுவது மேல்.

இரவு வெள்ளைக்கு வருவோம். ஆப்பில் நைட் விஷனை அணைத்துப் பாருங்கள். படம் இருண்டு, ஆனால் வெள்ளை போய்விட்டால், கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பக்கத்தில் எதிலோ பட்டுத் திரும்புகிறது என்று பொருள். அது திறந்திருக்கும் கம்பி வலைக் கதவாக இருக்கலாம், ஒட்டிய சுவராக இருக்கலாம், லென்ஸ் மேல் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாளாகவோ ஒரு இழை ஒட்டடையாகவோகூட இருக்கலாம். துடைத்துவிட்டு, சுவரும் கூரையும் படத்தில் விழாதபடி முகத்தைத் திருப்புங்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் மட்டும் இது வந்தால் துடைத்துப் பயனில்லை. பனித்துளிகளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. நைட் விஷனை அணைத்து, கேமராவை விட்டுச் சற்றுத் தள்ளி 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைப் போட்டு, வண்ணப் பதிவில் விடுங்கள். முகமும் தெளிவாகும், இருட்டில் கேமரா ஒவ்வொரு சட்டத்துக்கும் நீண்ட நேரம் எடுப்பதால்தான் நடப்பவர் முகம் இழுபட்டுத் தெரிகிறது. பல்பு போட்டபின் படத்தில் பட்டைகள் ஓடினால் ஃப்ளிக்கர் அமைப்பை 60இலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

பகலில் ஒழுங்காக இருந்து, இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் கேபிளைப் பாருங்கள். அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கூடுதல் மின்சாரம் வேண்டும். மெல்லிய யுஎஸ்பி கேபிளை ஐந்தாறு மீட்டர் நீட்டியிருந்தால் 5 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 230 வோல்ட் பிளக் பாயின்ட்டை வாசல் வரை கொண்டுவந்து, கேமராவோடு வந்த குட்டைக் கேபிளையும் அடாப்டரையுமே போடுங்கள்.

ரவுட்டர் பக்கத்தில், சொந்த அடாப்டரில், புதுக் கார்டோடு, பட்டப்பகலிலும் படம் வராவிட்டால்தான் கோளாறு கேமராவுக்குள் இருக்கிறது. அப்போது வாரண்டி பில்லைத் தேடுங்கள்.