மண்ணுக்கடியில் தங்கம் இருந்தால் கருவி காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: தரையில் கம்பிச் சுருளை விரித்து மின்சாரம் பாய்ச்சியே, தோண்டாமல் தாதுவைக் கண்டுபிடித்துவிடலாமாமே? தங்கமும் தெரியுமா? எவ்வளவு ஆழம் வரை?

பதில்: தங்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நேரடியாகத் தெரியாது. தங்கம் அருமையான மின்கடத்திதான், ஆனால் பாறையில் டன்னுக்குச் சில கிராம் என்ற கணக்கில் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது. துணுக்குகள் ஒன்றையொன்று தொடாதபோது மின்சாரம் எதன் வழியாகச் சுற்றிவரும்? இந்த முறைக்கு அந்தச் சுற்றுதான் உயிர்.

சுருளில் மாறுமின்னோட்டம் ஓடினால், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். கீழே நல்ல கடத்தி இருந்தால், 1831இல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதிப்படி அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மேலே உள்ள இன்னொரு சுருள் தேடுவது இதைத்தான். ஆனால் நாம் அனுப்பியது பெரிது, திரும்பி வருவதோ துளியூண்டு. அதனால் பல கருவிகளில் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு, அடுத்த சில மில்லிசெகண்டுகளில் என்ன வருகிறது என்று பார்க்கிறார்கள். அனுப்பியதுதான் ஓய்ந்துவிட்டதே, இனி வருவது மண்ணுக்குள்ளிருந்து வருவது! சுமாரான கடத்தியில் சுழல் மின்னோட்டம் சீக்கிரம் அடங்கிவிடும். செறிவான செப்புத் தாதுவில் நிதானமாகத் தேயும். இந்தத் தேய்வைப் படிக்கத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர்.

சரி, ஆழம்? அதிர்வெண் குறையக் குறைய ஆழம் கூடும். 100 ஓம்-மீட்டர் மின்தடைமை (மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) உள்ள தரையில் 100 ஹெர்ட்ஸ் புலம் சுமார் 500 மீட்டரில் 37 சதவீதமாகக் குறைகிறது, 10,000 ஹெர்ட்ஸ் என்றால் 50 மீட்டரிலேயே அந்தக் கதி. மேல்மண்ணில் உப்புநீர் ஊறியிருந்தால் இன்னும் மோசம், அதுவே நல்ல கடத்தி என்பதால் புலம் மேலேயே அடங்கிவிடும்.

அப்புறம், கருவிக்குத் தெரிவது கடத்துதிறன் மட்டும்தான், தாதுவின் பெயர் தெரியாது. பைசாவுக்குப் பெறாத கிராஃபைட் பாறையும் அதே மாதிரி பதில் சொல்லும், எனவே துளையிட்டுப் பார்த்தே தீர வேண்டும். கனடாவின் கிட் கிரீக்கில் விமானத்திலிருந்து அளந்தபோது கிடைத்த துப்பை நம்பி 1963 நவம்பரில் துளையிட்டார்கள். செம்பும் துத்தநாகமும் கொட்டிக் கிடந்தன. துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட் பொதுவாக மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, கூடவே இருந்த செப்புத் தாது போன்ற நல்ல கடத்திகளால்தான் அதுவும் அகப்பட்டது. தங்கமும் இப்படிக் கடத்தும் தாதுக்களோடு சேர்ந்து இருந்தால், அவற்றைத் தேடிப் போய் அதைப் பிடிக்க வழியுண்டு.