வயதான கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்துவது என்றால் நடைமுறையில் என்ன?

சலுகை காட்டுவதல்ல. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, வெளியே கிடைக்கும் அதே தரத்தில் சிறையிலும் மருத்துவம் தரச் சொல்கிறது.

ஸ்டான் சுவாமியைப் பாருங்கள். திருச்சிப் பக்கம் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார். 2020 அக்டோபரில் கைதானபோது வயது 83, பார்க்கின்சன் நோய் வேறு. கைநடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாமல், ஸ்ட்ரா வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. இதற்கா நீதிமன்றம்? ஒரு சிறை அதிகாரி அன்றைக்கே தந்திருக்கலாம். மும்பை அருகே உள்ள தலோஜா சிறையில் அவருக்கு ஊட்டிவிட்டவர்கள் சக கைதிகள். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீனுக்காகக் காத்திருந்த நிலையிலேயே மருத்துவமனையில் இறந்தார். வழக்கு விசாரணைகூடத் தொடங்கவில்லை.

உட்கார்ந்து போகும் கழிப்பறை, பிடித்து நடக்கக் கைப்பிடி, வேளை தவறாத மாத்திரை எல்லாம் அவசியம்தான். ஆனால் தள்ளாத வயதில், குற்றம் நிரூபணமாகாத ஒருவருக்கு முதலில் தர வேண்டியது ஜாமீன்.