வாணவெடியைப் படமெடுக்க லென்ஸ் வாங்கவா, ட்ரைபாட் வாங்கவா?

கேள்வி: என்னிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும், அதோடு சேர்ந்து வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸும் இருக்கின்றன. போன தீபாவளிக்கு மொட்டை மாடியில் நின்று வாணவெடிகளை எடுத்தேன். கோடுகள் எல்லாம் கலங்கி, நடுவே வெறும் வெள்ளைத் திட்டுதான் வந்தது. கடைக்காரர் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அது நல்ல லென்ஸ்தான். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் குழந்தைகளை எடுக்க அருமையாக இருக்கும். ஆனால் வாணவெடியில் வானம்தான் இருட்டு, வெடிப்பது நெருப்பு. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 100-இல் வைத்து, எஃப்8 அல்லது எஃப்11 என்று லென்ஸின் துளையைச் சுருக்கித்தான் அதை எடுக்க வேண்டும். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்; 1.8 என்பது பெரிய துளை. அப்புறம் 1.8-க்கு ஏன் காசு கொடுப்பது? போதாததற்கு, பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் 50 எம்எம் குறுகலாக வேறு தெரியும். பாதிப் பூ படத்துக்கு வெளியே போய்விடும். உங்கள் கிட் லென்ஸில் அகலமாகத் தெரியும் 18 எம்எம் முனையே போதும்.

உங்கள் படம் கலங்கியது கை அசைவால். காசை ட்ரைபாடில் போடுங்கள், அதிலும் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய மலிவு ட்ரைபாட் பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. மூன்று விநாடி ஷட்டரைத் திறந்தால் பாரம் தாங்காமல் அதன் தலை மெல்லச் சாயும். ஒவ்வொரு தீப்பொறிக் கோடும் நுனியில் கொக்கிபோல வளைந்திருக்கும். ஒரு தீபாவளி முழுக்க அப்படியே வீணானது.

அதனால் கேமராவையும் கடைக்கு எடுத்துப் போங்கள். கால்களை முழுக்க நீட்டி, நடுத்தண்டை உயர்த்தாமல் மாட்டுங்கள். லென்ஸை வானம் பார்க்கச் சாய்த்துப் பூட்டி, வ்யூஃபைண்டர் ஓரத்தில் ஏதாவது ஒரு பொருளைக் குறித்துக்கொண்டு கையை எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அது இடம் மாறியிருந்தால் அந்த ட்ரைபாட் வேண்டாம். கேமராவில் திருகும் பிளேட் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ட்ரைபாடே பயன்படாது. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கூடவே ஒரு வயர் ரிமோட். மாடலுக்கு மாடல் பின் மாறும், மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கேமராவை பல்ப் மோடில் (அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்து, ராக்கெட் கிளம்பும்போது ரிமோட்டை அழுத்தி, பூ உதிர்ந்ததும் விடலாம். இரண்டு, மூன்று விநாடி வரும். வெளிச்சம் இருக்கும்போதே தூரத்துப் பொருள் ஒன்றில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கை அசைவை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்கள்.

சில வருடங்களாக நம் மாநிலத்தில் மாலையில் 7 முதல் 8 மணி வரைதான் வெடிக்க அனுமதி. அதிலும் நேரம் போகப் போகப் புகை சேர்ந்து நிறமெல்லாம் மங்கிவிடும். 6.45-க்கே மாடியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும் மூலையில் நில்லுங்கள்.