ஒப்பரேஷனுக்குப் பிறகு பிள்ளை தேறி வரேக்க திரும்பத் திரும்பப் பின்னுக்குப் போகுது, தாய் தேப்பன் எப்பிடித் தாங்கிறது?

தங்கச்சி, ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சுது எண்டு சொன்ன பிறகும் ரெண்டு தரம் பிள்ளைக்கு ஏலாமப் போட்டுது, இப்ப நல்ல செய்தி சொன்னாலும் நெஞ்சு இடிக்குது எண்டு எழுதியிருக்கிறியள். வாசிச்சோண்ண எனக்கு அந்த நாள் எல்லாம் திரும்பி வந்திட்டுது.

என்ர மகளுக்கு நாலு மாசத்தில இதயத்தில ஓட்டைக்கு ஒப்பரேஷன், யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்குக் கொண்டு போய்ச் செய்தது. மூண்டாம் நாள் மூச்சு மெசினைக் கழட்டிச்சினம், நாலாம் நாள் என்ர பாலை ரியூப்பால குடுக்கத் தொடங்கிச்சினம், நான் உடன வீட்ட போன் அடிச்சு அடுத்த கிழமை வாறம் எண்டு சொல்லிப்போட்டன், மாமி வீடு கழுவித் தொட்டில் சீலையும் தோய்ச்சு வைச்சிட்டா.

அடுத்த நாள் காலமை பாத்தா நெஞ்சில போட்ட குழாயால பால் மாதிரி வெள்ளையா வருது. குடுத்த பால்தான் ஒழுகுதாக்கும் எண்டு கத்திப்போட்டன். டொக்டர் தமிழ் தெரிஞ்ச ஒரு நேர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டு என்னை இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினவர். பாலில இருக்கிற கொழுப்பு நேர ரத்தத்துக்குப் போறேல்லயாம், நிணநீர் எண்டு உடம்புக்குள்ள ஓடுற ஒரு நீர் இருக்காம், அதின்ர குழாய் ஒண்டு நெஞ்சுக்குள்ளால ஏறுது, அதாலதான் போகுமாம், ஒப்பரேஷனில அந்தக் குழாய் காயப்பட்டா இப்பிடி ஒழுகும், கைலோதோராக்ஸ் எண்டு பேர். அந்தக் குழாயால போகத் தேவையில்லாத கொழுப்பு இருக்கிற தனிப் பால்மா தான் இனிக் கொஞ்சக் காலம், தாய்ப்பால் கூடாது. பிழை உங்கட பாலில இல்லை எண்டு அந்த மிஸ்ஸி மூண்டு தரம் சொன்னவ, எனக்கு மூண்டு தரமும் தேவைப்பட்டது.

ரெண்டு நாள் பாலைப் பீச்சி சிங்குக்குள்ள ஊத்தினன், ஊத்தேக்க வாற அழுகை சொல்லேலாது. பேந்து அதே மிஸ்ஸிதான் பிறீசரில வைக்கலாம், நாளை எழுதி ஒட்டுங்கோ எண்டு சொன்னவ. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, சாமத்திலயும் எழும்பிப் பீச்சினன். வேற ஒண்டுமே என்ர கையில இல்லாத நேரம் அது ஒண்டுதான் என்ர கையில இருந்தது.

நெஞ்சில போட்ட குழாயால வாறது குறைஞ்சு கொண்டு வரேக்க காய்ச்சல் வந்திட்டுது. அந்த நீரோட நோயெதிர்ப்புக்கு வேண்டியதும் வெளிய போறதால கிருமி கெதியாப் பிடிக்குமாம். திருப்பி மூச்சு மெசின். இவர் லீவு முடிஞ்சு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறின இரவு அது, நான் அவருக்குச் சொல்லேல்ல, விடியப் போய் இறங்கின பிறகுதான் சொன்னன், மனுசன் அடுத்த பஸ்ஸிலயே திரும்பி வந்தவர். கோவிக்கேல்ல, இனி எனக்கு ஒளிக்காதை எண்டு மட்டும் சொன்னவர். நீங்களும் ஆளுக்காள் ஒளிக்காதேங்கோ.

அதுக்குப் பிறகு எப்ப வீட்ட போகலாம் எண்டு கேக்கிறதை விட்டிட்டம். இண்டைக்கு நீங்கள் எதைப் பாக்கிறியள், எது நடந்தா அடுத்த படிக்குப் போவியள் எண்டு கேட்டம், அதுக்கு டொக்டர்மார் வடிவாப் பதில் சொல்லுவினம். குழாயில எத்தினை மில்லிலீற்றர் எண்டு ஒரு கொப்பியில எழுதினன், ஒருநாள் கூடினாலும் முதல் கிழமையை விடக் குறைவு எண்டு அதில தெரியும். சொந்தக்காரரின்ர போன் எல்லாம் அண்ணா எடுத்தவர், சந்நிதிக்கு நேர்த்தி வைச்ச மாமிக்கு மட்டும் நானே கதைச்சன், அவ கேள்வி கேக்கமாட்டா.

குழாய் எடுத்து, ரெஜிபோம் பெட்டிக்குள்ள ஐசும் பாலுமா இரவு பஸ்ஸில வந்தம். கிளினிக்கில சரி எண்டு சொன்ன பிறகு பழைய நாள் எழுதின போத்திலை முதல் எடுத்து இளக்கிக் குடுத்தன், மகள் அப்பிடியே குடிச்சு முடிச்சவள்.

உங்கட பிள்ளைக்கு என்ன ஒப்பரேஷன் எண்டு எழுதேல்ல தங்கச்சி. எழுதுங்கோ, நீங்கள் இண்டைக்குச் சாப்பிட்டனீங்களோ எண்டும் எழுதுங்கோ.