ஃபவுண்டேஷன்: நாவலைப் படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?

கேள்வி: ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் நாவல்களைப் படித்த பிறகுதான் ஆப்பிள் டிவி தொடரைப் பார்க்க வேண்டுமா? நாவல் ரசிகர்கள் பலருக்கு அந்தத் தொடர் மீது ஏன் இத்தனை கோபம்?

முதல் நாவலைப் படித்துவிட்டுத் தொடரைத் தொடங்குங்கள். மூன்றாம் சீசனுக்குள் நுழையும் முன் இரண்டாவது நாவலையும் முடித்துவிடுங்கள். இதற்கு மேல் தயாரிப்பு எதுவும் வேண்டாம். முதல் நெருக்கடி எப்படித் தீர்கிறது என்பதைத் தவிர, நாவலின் பெரிய முடிச்சு எதையும் இந்தப் பதிலில் அவிழ்க்கவில்லை.

கதைக்கரு இதுதான். ட்ரான்டோரைத் தலைநகராகக் கொண்ட விண்மீன் பேரரசு விழப்போகிறது என்று ஹாரி செல்டன் என்ற கணித அறிஞர் கணக்கிடுகிறார். அதன் பிறகு வரும் இருண்ட காலம் 30,000 ஆண்டுகள் நீளும். அதை 1,000 ஆண்டுகளாகச் சுருக்க, விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் இருக்கும் டெர்மினஸ் கிரகத்தில் ஒரு குடியேற்றத்தை அமைக்கிறார். அதுதான் ஃபவுண்டேஷன்.

அசிமோவ் இதை ஒரே நாவலாக எழுதவில்லை. 1942 முதல் 1950 வரை அஸ்டவுண்டிங் என்ற அறிவியல் புனைகதை இதழில் தனித்தனிக் கதைகளாக வந்தவை, பிறகு 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாயின. முதல் புத்தகத்தில் ஐந்து பகுதிகள் உண்டு. முதல் பகுதிக்கும் இரண்டாவதற்கும் நடுவே 50 ஆண்டுகள் ஓடிவிடும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இன்னொரு 30. நீங்கள் பழகிய ஆள் அடுத்த பகுதியில் கிழவராகியிருப்பார், அல்லது வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பெயராகியிருப்பார். போதாததற்கு, போர்கள் எல்லாம் மேடைக்கு வெளியே நடக்கும். அறைக்குள் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான்காவது நாவலை எழுதுவதற்காகப் பழைய மூன்றையும் திரும்பப் படித்த அசிமோவே, முழுக்க எண்ணங்களும் உரையாடல்களும்தான், சண்டை என்று ஒன்றுமே இல்லை என்று வியந்து எழுதியிருக்கிறார்.

இதை அப்படியே எடுத்தால், இரண்டு எபிசோடுக்கு ஒருமுறை நடிகர் பட்டாளத்தையே மாற்ற வேண்டியிருக்கும். முகங்களைத் தக்கவைக்க, 2021-இல் தொடங்கிய இந்தத் தொடர் மூன்று உபாயங்களைக் கையாள்கிறது. செல்டனிடம் வந்து சேரும் இளம் கணித அறிஞர் கால் டோர்னிக்கை நெடுந்துயிலில் ஆழ்த்திப் பல தலைமுறை தாண்டி எழுப்புகிறது. செல்டனின் மனத்தை டிஜிட்டல் நகலாக்கி வைக்கிறது. பேரரசர் முதலாம் கிளியோனைக் குளோன் செய்து, இளையவர், ஆள்பவர், முதியவர் என்று எப்போதும் மூவரை அரண்மனையில் உட்கார வைக்கிறது.

நாவலில் இல்லாத மூன்றாவது உபாயம்தான் தொடரின் உச்சம் என்பேன். பேரரசு தேங்கிப்போய்விட்டது, புதிதாக எதையும் யோசிக்க அதற்கு வலுவில்லை என்பதை அசிமோவ் ஆட்களைப் பேசவைத்துச் சொன்னார். தொடரோ, அதே மனிதன் ஏறத்தாழ 400 ஆண்டுகளாக அரியணையில் இருப்பதைக் கண்முன் நிறுத்திவிடுகிறது. ஆள்பவராக வரும் நடிகர் லீ பேஸ் ஒவ்வொரு கிளியோனையும் சற்றே வேறுபடுத்தி நடிப்பதைக் கூர்ந்து பாருங்கள்.

இழப்பு, டெர்மினஸைக் காக்கும் பாத்திரமான சால்வர் ஹார்டினிடம் நேர்ந்தது. நாவலின் ஹார்டின் ஆண், தொடரில் பெண். கால் டோர்னிக்கும், பேரரசருக்குத் துணை நிற்கும் டெமர்செலும் அப்படியே. இதனால் கதைக்கு ஒரு குறையும் இல்லை, இதற்காகக் கோபப்படுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஹார்டின் செய்கிற வேலையை மாற்றியதுதான் குறை. நாவலில் டெர்மினஸிடம் படை கிடையாது. அண்டை அரசான அனாக்ரியோன் மிரட்டும் முதல் நெருக்கடியில் நகர மேயரான ஹார்டின், டெர்மினஸின் அணுத்தொழில்நுட்பம் அனாக்ரியோன் கைக்குப் போனால் உங்கள் கதி என்ன என்று மற்ற மூன்று அண்டை அரசுகளையும் யோசிக்க வைக்கிறார். அவர்களே அனாக்ரியோனைப் பின்வாங்கச் செய்கிறார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. தொடரின் ஹார்டினோ துப்பாக்கி ஏந்திய காவலர். அவருக்கு மட்டும் பிறவியிலேயே ஓர் உள்ளுணர்வு வாய்த்திருக்கிறது.

ரசிகர்களின் கோபத்தில் நியாயமான பகுதி இங்கேதான் இருக்கிறது. செல்டனின் சைக்கோஹிஸ்டரிக்கு, அதாவது பெருந்திரளான மக்களின் எதிர்காலத்தைக் கணிக்கும் கணிதத்துக்கு, இரண்டு நிபந்தனைகள் உண்டு. மக்கள்தொகை மிகப் பெரியதாக இருக்க வேண்டும். கணிப்பு என்னவென்று அந்த மக்களுக்குத் தெரியக்கூடாது. தனியொருவர் என்ன செய்வார் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டாவது நாவலில் மியூல் வரும்போது வாசகருக்கு உதறல் எடுப்பது இதனால்தான். கணக்குக்குள் அடங்காத திறன் கொண்ட ஒரே ஒரு பிறவி மொத்தத் திட்டத்தையும் குலைக்கிறது. தொடரில் முதல் சீசனிலேயே கால் டோர்னிக்குக்கும் சால்வருக்கும் அபூர்வத் திறன்களைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு மியூல் வரும்போது, அந்த வரிசையில் இன்னொருவர் என்ற அளவில் அதிர்ச்சி குறைந்துவிடுகிறது.

மூன்றாம் சீசனுக்கு முன் இரண்டாவது நாவலை முடிக்கச் சொன்னதும் இதனால்தான். மியூல் பகுதியின் கடைசி அத்தியாயத்தை எதுவும் தெரியாமல் படிக்கும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும். நாவல் தெரிந்தவர்களுக்கும் அந்தச் சீசனின் முடிவில் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆகவே படித்துவிட்டுப் பார்ப்பதால் சுவை குறையாது.

பார்க்கும்போது பலர் தடுமாறுவது காலத்தாவலில். ஆளும் கிளியோன் எப்போதும் லீ பேஸ்தான் என்பதால், முகத்தைப் பார்த்தால் பல ஆண்டுகள் கடந்ததே தெரியாது. பெயரோடு வரும் எண்ணைக் கவனியுங்கள். முதல் சீசனின் தொடக்கத்தில் ஆள்பவர் பன்னிரண்டாம் கிளியோன், மூன்றாம் எபிசோடுக்குப் பிறகு பதின்மூன்றாமவர். இரண்டாம் சீசனில் பதினேழு, மூன்றாவதில் இருபத்து நான்கு. இன்னொரு குழப்பம், இரண்டாம் சீசனில் மியூலாகத் தெரிந்த நடிகர் மூன்றாவதில் இல்லை, வேறொருவர் நடிக்கிறார். அது கதைத் திருப்பம் அல்ல, வெறும் நடிகர் மாற்றம். நாவல் வாசகர்களுக்கென்றே ஒரு குழப்பமும் உண்டு: இரண்டாம் சீசன், முதல் புத்தகத்தின் வணிகர் ஹோபர் மாலோவையும் அவருக்குப் பல பத்தாண்டுகள் பின்னால் வரும் தளபதி பெல் ரியோஸையும் ஒரே காலத்தில் நிறுத்துகிறது. நாவலின் காலக்கோட்டை வைத்துக்கொண்டு அந்தச் சீசனைப் பார்த்தால் தலை சுற்றும்.

மீதி நாவல்களை வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். மூன்றாவது புத்தகத்துக்குப் பின் 1982, 1986 ஆண்டுகளில் வந்த தொடர்ச்சிகள், அதன் பிறகே 1988, 1993-இல் வந்த முன்கதைகள். கதைக்காலப்படி முன்கதைகள்தான் முதலில் வரும் என்று அங்கிருந்து தொடங்கினால், 1986 நாவலின் இறுதியில் காத்திருக்கும் பெரிய வெளிப்பாடு புஸ்வாணமாகிவிடும். நேரம் இல்லையென்றால் முதல் மூன்று மட்டும் போதும், அவை தம்மளவில் முழுமையானவை.

நாவலுக்கு நெருக்கமான தழுவல் எதுவும் இல்லையா என்று கேட்டால், பிபிசி வானொலி 1973-இல் அந்த மூன்று புத்தகங்களையும் எட்டுப் பகுதி நாடகமாக ஒலிபரப்பியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அறைக்குள் பேச்சு என்பது வானொலிக்குக் குறையே இல்லை, அதனால் அசிமோவின் வாதங்கள் அங்கே கிட்டத்தட்ட முழுசாகவே வந்திருக்கின்றன. ஒலி மட்டும் அந்தக் காலத்தது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.